முதல் பஸ்ஸுக்கு முன்னால் திறக்கும் அறை

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய சொந்தக்காரர் விஷயம் பேச்சுக்கு வருகிறதோ அவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். கதவைச் சாத்திக்கொள்வார்கள். பேசி முடிவெடுத்த பிறகுதான் கூப்பிடுவார்கள். உங்கள் அத்தை விஷயம் வந்தபோது நானும் அப்படித்தான் எழுந்து போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். கீழே மருந்துக்கடை, மேலே எங்கள் அலுவலகம். எல்லோருடைய செருப்பும் படியில்தான் கிடக்கும். அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருக்கும்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கே போகிறேன் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். சம்பளமில்லாத வேலைக்கு எதற்கு இஸ்திரி போட்ட சட்டை என்று உங்கள் அம்மா கேட்டாள். வாயால் சொன்னால் பாதியில் மறித்து வேறு எதையாவது கேட்பீர்கள். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். எலக்ட்ரிக் வேலை தெரியும், எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் போவது ஓர் அறக்கட்டளைக்கு. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, இந்தப் பக்கம் தி. நகர் வரைக்கும் உள்ள ஜனங்கள் கொடுப்பதை ஒரே இடத்தில் சேர்த்து, இதே வட்டாரத்தில் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. தானம் செய்கிறவர்கள் இங்கே எப்போதுமே உண்டு. இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று எனக்கும் முதலில் புரியவில்லை.

வெள்ளம் வந்த வருஷத்தைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். அப்போது நாங்கள் எல்லோரும் ஆற்றோரம் குடியிருந்தோம். வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதும் ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பிரெட் வந்தது. மறுபடியும் பிரெட் வந்தது. சாயங்காலம் வேறு ஒரு வண்டியில் வேறு ஒருவர் பிரெட் கொண்டுவந்தார். பழைய துணி ஒரு வகுப்பறை நிறையக் குவிந்தது. யாரோ ஒரு நல்ல மனுஷன் கோட்டும் சூட்டும் கொடுத்திருந்தார். உலர்ந்த துணி வேறு இல்லாததால் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் நான் வீட்டுச் சேற்றை வாரினேன். உங்கள் அத்தை இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். கொடுத்தவர்கள் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் கொடுப்பது இன்னொருவருக்குத் தெரியவில்லை. அடுப்பு போனவர்களுக்கு அடுப்பு வரவில்லை. ஈரமான ஒயரை மாற்றாமல் கரண்ட் கொடுக்க முடியாது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு பிரெட் கொடுக்க வந்தவர்களில் ஒருவர்தான் இப்போது எங்கள் தலைவர். மயிலாப்பூர்க்காரர், வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். தான் கொண்டுவந்த பிரெட்டை அவரே திருப்பிக் கொண்டுபோக வேண்டியதாகிவிட்டது. அதற்குப் பிறகு அவரும் சிலரும் சேர்ந்து இதை ஆரம்பித்தார்கள். கொடுக்கிறவர்கள் கொடுப்பதில் பெரும் பகுதி வங்கியில் அப்படியே இருக்கும், அதை யாரும் தொட முடியாது. அதில் வருகிற வட்டியைத்தான் வருஷா வருஷம் கொடுப்போம். தயிர் முழுவதையும் சாப்பிட்டுவிடாமல் மறுநாள் உறைக்கு எடுத்து வைப்பதைப் போல என்று நான் புரிந்துகொண்டேன். தலைவரிடம் சொன்னேன். "கிட்டத்தட்ட சரி, ஆனா இங்க உறை ரொம்ப ஜாஸ்தி, தயிர் ரொம்பக் கொஞ்சம்" என்றார்.

நான் அங்கே போனது ஃபேன் ரிப்பேர் பார்க்க. ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தபோது எந்த ஊர், எங்கே குடியிருப்பு என்று விசாரித்தார். ஆற்றோரத்தில் இருந்து மந்தைவெளிக்கு வாடகைக்கு வந்தவன் என்று சொன்னேன்.

"நம்ம கமிட்டியில ஒக்காரறேளா?" என்று கேட்டார். "குடுக்கறவாளே ஒக்காந்து பேசிண்டிருந்தா சரிப்படலை. வரிசையில நின்னு வாங்கினவாளும் வேணும்."

"எனக்கு இங்கிலீஷ் வராது சார்."

அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் சிரித்தார். கடற்கரைக் குப்பத்துக்காரர். காலையில் மந்தைவெளி மார்க்கெட் வாசலில் மீன் விற்பார், சாயங்காலம் குளித்து முழுகி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வருவார்.

"எனக்கு மட்டும் வருதா இன்னா?" என்றார். "நான் ஒக்காந்துக்கினு இல்ல? நீ மொதல்ல அந்த ஃபேன சுத்த வுடு நைனா, அப்புறம் யோசிக்கலாம்."

ஃபேன் சுற்றியது. நானும் சேர்ந்துவிட்டேன்.

நாங்கள் செய்வது பெரிய வேலை ஒன்றும் இல்லை. கேட்டு வருகிறவர்களுடைய இடத்துக்குப் போய்ப் பார்ப்போம். வந்து உட்கார்ந்து பேசுவோம். கொடுத்த பிறகும் ஒரு தடவை போய்ப் பார்ப்போம். எல்லோருக்கும் கொடுக்க முடியாது. இல்லை என்று சொல்வதற்குத்தான் அதிக நேரம் ஆகும்.

ஆற்றோரத்தில் ஒரு குழந்தைகள் காப்பகம் இருந்தது. பெரிய பெயர்தான், ஓர் அறையும் நாலு தூளியும் ஓர் ஆயாவும் அவ்வளவுதான். அந்த ஆயா வீட்டு வேலை செய்து முட்டி தேய்ந்தவர். படி ஏற முடியாமல் போன பிறகு, வேலைக்குப் போகிற மற்றப் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். அவருக்குச் சம்பளமும் குழந்தைகளுக்குப் பாலும் எங்கள் அறக்கட்டளையிலிருந்து போனது. உங்கள் அத்தை பையன் பிறந்து ஆறு மாதம் ஆனதும் அவனையும் அங்கேதான் விட்டாள். அடையாறில் மூன்று வீடுகளில் அவளுக்கு வேலை. நடந்து போகிற தூரம்.

பிறகு ஆற்றோர வீடுகளை எடுத்தார்கள். எல்லோரையும் ஊருக்கு வெளியே, தெற்கே, அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பினார்கள். சுவர் சிமென்ட், மழை ஒழுகாது, தனித்தனிக் குழாய். அதையெல்லாம் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஆனால் வேலை அங்கே போகவில்லை. வேலை அடையாறிலேயே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் எல்லோரும் அங்கே போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் மொட்டைமாடிக்கு ஓடிவிட்டீர்கள். நான் நடைவழியில் உங்கள் அத்தை பெண்ணோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் தம்பியை இடுப்பில் வைத்திருந்தாள். அவன் கனமான பையன். அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றாள்.

"ஸ்கூல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லா கீது மாமா. செவ்வாக்கெழம போனேன்."

"மத்த நாளு?"

"மத்த நாளு இவன் கீறான் இல்ல."

அவள் வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் நம்பர் சொல்வதைப் போலச் சொன்னாள். பழைய பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் டப்பாவைக் கொண்டுபோகிற பொறுப்பு அவளுடையது. ஐந்தாம் வகுப்புக்கு அது பெரிய பதவி. புதுப் பள்ளிக்கூடத்தில் தான் உட்காருகிற இடம் எது என்றே அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. போகிற நாளில் எங்கே காலியோ அங்கே உட்காருவாளாம்.

உங்கள் அத்தை டீ கொண்டுவந்தாள்.

"இன்னாண்ணா பண்றது. இருட்டோட மொத பஸ்ஸ புடிச்சாத்தான் ஆறரை மணி வீட்டுக்குப் போவ முடியும். அந்தம்மா ஆபீஸ் போவுது. ஒரு நாளு லேட்டு, ரெண்டு நாளு லேட்டு, மூணாவது நாளு வேற ஆள வெச்சிக்கும். நான் கெளம்பறப்ப இதுங்க ரெண்டும் தூங்கிக்கினு இருக்கும்."

"அவரு?"

"அவரு லோடு வண்டில போறாரு. எப்ப வருவாருன்னு அவரையே கேட்டாலும் தெரியாது."

"ஸ்கூல்ல ஒண்ணும் சொல்லலையா?"

"டீச்சரு ஆள் அனுப்பிச்சு. இப்டியே இருந்தா ரிஜிஸ்டர்ல பேரு நிக்காதுன்னு சொல்லிச்சு." டம்ளரை என்னிடம் நீட்டி, "நல்லா படிக்கற பொண்ணுண்ணா" என்றாள். அதை அவள் மகளுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

அந்த ஆயாவும் அதே கட்டடத்தில்தான், தரைத்தளத்தில் இருந்தார். முட்டி காரணமாக அவருக்குக் கீழே வீடு கொடுத்திருந்தார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அவர் தயார். ஆனால் ஆறு மாதமாக எங்களிடமிருந்து ஒன்றும் போகவில்லை. காப்பகமே இல்லாதபோது எதற்குக் கொடுப்பது என்று நிறுத்தியிருந்தோம். மறுபடி ஆரம்பிக்க உதவி வேண்டும் என்று அவர் ஆள் அனுப்பிக் கேட்டார்.

அதுதான் அந்தச் சனிக்கிழமைப் பேச்சு. ஆரம்பிப்பதற்கு முன்னால் நான் சொன்னேன். "சார், இதுல என் தங்கச்சி குழந்தைங்க இருக்கு."

"அப்ப சித்த வெளியில இருங்கோ. தப்பா எடுத்துக்கப்படாது" என்றார் தலைவர்.

மீன்கார அக்கா, "போ நைனா, செருப்புக்குக் காவலு இரு" என்றார்.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு கூப்பிட்டார்கள். எல்லோர் முகமும் நன்றாக இருந்தது.

விஷயம் இதுதான். எங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தில் 'இவ்வட்டாரத்துக்குள்' என்று எழுதியிருக்கிறது. அந்த அடுக்குமாடி வீடுகள் வட்டாரத்துக்கு வெளியே. அங்கே கொடுக்க வழியில்லை. ஆனால் அடையாறு பஸ் டிப்போவுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற ஒரு அம்மா, எங்களுக்கு வருஷா வருஷம் கொடுக்கிறவர், தன் வீட்டின் கீழ் அறையை வாடகை இல்லாமல் தருவதாகச் சொல்லிவிட்டார். வேலைக்கு வருகிற தாய்மார்கள் குழந்தையையும் கூடவே கொண்டுவந்து அங்கே விடலாம்.

"மத்தியானம் ரெண்டு வீட்டுக்கு நடுவுல வந்து குழந்தையைப் பாத்துட்டுப் போலாம் பாருங்கோ" என்றார் தலைவர். "அங்க அது முடியுமோ?"

நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது. மீன்கார அக்காவுக்கும் அப்படியே பட்டது. ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

அந்த அறைக்கு ஒயரிங் நான்தான் செய்தேன். கூரையில் டிரில் போட்டுத் தூளிக்கு நாலு கொக்கி இறக்கினேன். ஒவ்வொன்றிலும் நானே தொங்கிப் பார்த்தேன். சுவரில் ஒரு முயலும் ஒரு யானையும் வரைந்தார்கள். அந்த வீட்டு அம்மா தனியாக இருப்பவர், பிள்ளைகள் வெளிநாட்டில். தரைக்கு ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டு, விளிம்பெல்லாம் தூக்கிக்கொள்கிறதா என்று காலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். திறந்த அன்று பால் காய்ச்சினோம். கொடையாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முட்டி வலியோடு ஆயா முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்.

குழந்தைகள் வரவில்லை.

முதல் நாள் பழக்கமில்லை, வருவார்கள் என்று நினைத்தோம். ஒரு வாரம் ஆனது. பக்கத்து அடுக்குமாடி வாட்ச்மேனின் குழந்தை ஒன்று மட்டும் வந்தது. ஒரு தூளி ஆடியது, மூன்று கொக்கி சும்மா இருந்தன. வீட்டுக்கார அம்மா தினமும் பதினொரு மணிக்கு இறங்கி வந்து, "இன்னிக்கும் வரலையா?" என்று ஆயாவிடம் கேட்பாராம். ஆயாவுக்கு அது தன்னைக் கேட்பதைப் போல இருந்ததாம்.

நான் உங்கள் அத்தைக்கு போன் செய்தேன்.

"ஏன் கொண்டாரல?"

"நீ ஒரு நாளு அந்த பஸ்ல வாண்ணா. வந்துட்டு அப்பால பேசு."

இதற்கு மேல் நான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொந்தக்காரன் பேசக் கூடாது என்பதுதான் வழக்கம். அடுத்த தடவை அலுவலகத்துக்குப் போனபோது தலைவரிடமும் அக்காவிடமும் இவ்வளவு மட்டும் சொன்னேன். "என்னைக் கேக்காதீங்க சார். நாம அடையாறு அறையத்தான் போய்ப் பாத்தோம். அவங்க வர்ற வழிய யாரும் பாக்கல."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா அவரைப் பார்த்து, "இன்னா சாரு, காத்தால எழுந்துப்பியா?" என்று கேட்டார்.

"நான் நாலு மணிக்கே எழுந்துடுவேன். நீங்கதான் மீன் எடுக்கப் போகணும்."

"ஒரு நாளு மீனு கடல்லயே கெடக்கட்டும்."

இரண்டு பேரும் கால் டாக்சி பிடித்து இருட்டோடு அங்கே போய், முதல் பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்தார்கள். நான் அதில் இல்லை. உங்கள் அத்தை சொல்லித்தான் தெரியும். அவள் நம் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொண்டே நடித்துக் காட்டினாள். நீங்கள் தூங்கிவிட்டீர்கள் அன்றைக்கு.

"எங்களுக்குலாம் ஃப்ரீ டிக்கெட். அவருக்கு மட்டும் காசு. கண்டக்டரு இன்னா சார் இந்த நேரத்துல இந்தப் பக்கம்னு கேக்குறாரு. இவரு சில்லறைய எண்ணிக் குடுத்தாரு. வயசானவருன்னு ஒரு பொண்ணு எழுந்து சீட்டு குடுத்துச்சு. ஒக்காந்தாரா? அதான் அவரு பண்ண தப்பு."

உங்களுக்குத் தெரியும், நம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறவர் நிற்கிறவருடைய பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் சட்டம் போடவில்லை, அப்படித்தான் நடக்கும். தலைவரிடம் ஒரு டிபன் பை வந்தது. அதன் மேல் இன்னொரு பை. அதற்கு மேல் ஒரு துடைப்பக் கட்டு. அவர்கள் வருவது ஆயா மூலம் தெரிந்து, அன்றைக்கு உங்கள் அத்தை வேண்டுமென்றே பையனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள்.

"நான் அவரு யாருன்னே தெரியாத மாதிரி, சார் கொஞ்சம் புடிச்சிக்கோங்கன்னு இவனக் குடுத்துட்டேண்ணா. இவன் இன்னா சும்மா இருப்பானா? அவரு கண்ணாடிய இழுக்குறான். கூட்டம் ஏறிக்கினே கீது. ஒரு பக்கம் எங்க புடவைலாம் அவரு மூஞ்சி மேல. இவன் மூச்சு முட்டி அழ ஆரம்பிச்சான். அவரு ஜன்னல் பக்கம் இவன் தலையத் திருப்பி வெச்சிக்கினு, தன் கையால மறைச்சிக்கினே வந்தாரு. அடையாறு வர வரைக்கும் கைய எடுக்கல."

"அக்கா?"

"அந்தக்கா படிகிட்ட நின்னுக்கினு எல்லார்கிட்டயும் ஊர்க்கதை பேசிக்கினு வருது. எறங்கறப்ப என்னைப் பாத்து, தெனமும் இப்டித்தானான்னு கேட்டுச்சு. இன்னிக்கு கூட்டம் கம்மிக்கான்னேன்."

தலைவர் இறங்கியதும் குழந்தையைத் திருப்பிக் கொடுத்து, "இவன் ஆத்துக்குப் போய்ச் சேர்ற மட்டும் யார் வெச்சுப்பா?" என்று கேட்டாராம். அன்றைக்கு ஆயா முட்டி வலியால் வரவில்லை, அடையாறு அறை பூட்டிக் கிடந்தது. உங்கள் அத்தையால் அன்றைக்குக் கூட வேலையை விட முடியவில்லை. பையனை மூன்று வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு வீட்டில் உள்ளே வரக் கூடாது என்றார்கள். மொட்டைமாடியில் உட்கார வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தாளாம்.

அதற்கு அடுத்த கூட்டத்தில் மறுபடி அதே பேச்சு. நான் மறுபடி படிக்கு வந்தேன். ஆனால் அன்றைக்குக் கரண்ட் போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்து வைத்தார்கள். காதில் விழக் கூடாது என்று நான் இன்னும் சில படிகள் கீழே இறங்கி உட்கார்ந்தேன். அப்படியும் விழுந்தது.

கமிட்டியில் தி. நகர் பாத்திரக்கடைக்காரர் ஒருவர் உண்டு. கடை கடையாக ஏறி இறங்கி எங்களுக்காகச் சேர்த்துக் கொடுப்பவர். அவருடைய குரல்தான் முதலில் வந்தது.

"நம்ம ஏரியாக்குதான்னு சொல்லித்தான் சார் நான் கேட்டேன். அதுக்குத்தான் குடுத்தாங்க. இன்னிக்கு அங்க குடுத்தா நாளைக்கு நங்கநல்லூர்க்காரன் வருவான், அடுத்த நாள் தாம்பரம். நான் போய் என்ன பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஒன்றைச் சொல்லி வாங்கி வேறொன்றுக்குக் கொடுத்தால் அடுத்த வருஷம் யாரும் கொடுக்க மாட்டார்கள். இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா கேட்டார். "உன் கடைல பாத்திரம் தொடைக்க ஒரு பொண்ணு வருதே, எங்கேர்ந்து வருது?"

"அது மேடவாக்கம் தாண்டி எங்கேயோ."

"அது நம்ம ஏரியாவா, இல்லியா?"

அக்கா விடவில்லை. "இவுங்க ஆசப்பட்டா அங்க போனாங்கோ? ராவுக்குத் தூங்கத்தான் அங்க போறாங்கோ. பொழுது விடிஞ்சா பொழுது போனா உன் வூட்லயும் அவரு வூட்லயும்தான் கீறாங்கோ. உங்க ஏரியாவ பெருக்கித் தொடைக்கிறதே அவுங்கதான்."

"நான் கொடுக்க வேணாம்னு சொல்லலக்கா. என்ன சொல்லிக் கொடுக்கறதுன்னு கேக்கறேன்."

இப்போது தலைவர் பேசினார். "அத எழுதினது நான்தான். 'இவ்வட்டாரத்துக்குள்'னு எழுதறச்சே ஜனங்க நகருவான்னு தோணலை. எழுதினதை மாத்தணும்னா குடுத்தவாளைக் கேட்டுண்டு மாத்தணும். கேப்போம். எல்லாரையும் கேப்போம்."

"எப்ப முடியும்?" என்று அக்கா கேட்டார்.

"நாளாகும்."

அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டர் அதற்காகக் காத்திருக்காது. ஆனால் நான் படியில் இருந்தவன், கேட்டதாகவே காட்டிக்கொள்ளக் கூடாதவன்.

கரண்ட் வந்தது. கதவைச் சாத்தினார்கள்.

கொடுத்தவர்கள் எல்லோருக்கும் போன் செய்து கேட்டார்கள். பாதி வேலையை அக்காவும் பாத்திரக்கடைக்காரரும் பிரித்துக்கொண்டார்கள். கடைக்காரர் தான் வாங்கிய கடைகளுக்கு நேரிலேயே போனார். 'இவ்வட்டாரத்தில் வசிப்பவர்கள், இங்கு வந்து வேலை செய்பவர்கள், அவர்களுடைய குழந்தைகள்' என்று மாற்றலாமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலானவர்கள் சரி என்றார்கள். சிலர் போனையே எடுக்கவில்லை. மயிலாப்பூர்ப் பெரியவர் ஒருவர், நான் என் தெருவுக்குத்தான் கொடுத்தேன், இனிமேல் கொடுக்கவில்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவரிடம் யாரும் வாதம் செய்யவில்லை. அதுவரை கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார்கள்.

இது நடந்துகொண்டிருந்தபோதே கோடை விடுமுறை வந்துவிட்டது. உங்கள் அத்தை பெண்ணின் பெயர் ரிஜிஸ்டரில் நின்றதற்குக் காரணம் எங்கள் அறக்கட்டளை இல்லை. ஆயாதான். உதவி வரட்டும் என்று பார்க்காமல், அடையாறு அறையை விட்டுவிட்டுத் தன் வீட்டிலேயே, பரீட்சை நாட்களில் மட்டும், உங்கள் அத்தை பையனை வைத்துக்கொண்டார். அவருடைய மருமகளுக்கு அது பிடிக்காததால் அதற்கு மேல் முடியவில்லை.

அடையாறு அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல நான் போனேன். கொக்கிகளைக் கழற்றுகிற வேலையும் இருந்தது. பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே அந்த ரப்பர் விரிப்பைச் சுருட்டி எடுத்து, "இதையும் கொண்டு போங்க, தரை சில்லுனு இருக்கும்" என்றார்.

"ஒரு கொக்கி மட்டும் இருக்கட்டும்" என்றார் பிறகு. வாட்ச்மேன் குழந்தை வந்துகொண்டிருந்தது. அதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். குழந்தைகள் சத்தம் கேட்க வேண்டும் என்றுதான் அவர் அந்த அறையைக் கொடுத்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று கொக்கியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

புது அறை அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்திலேயே கிடைத்தது. வாடகையும் ஆயா சம்பளமும் பாலும் அறக்கட்டளை. பதிலுக்கு, ஒவ்வொரு அம்மாவும் தன் வார லீவு நாளில் ஆயாவோடு உட்கார வேண்டும் என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். முதல் பஸ் கிளம்புவதற்கு முன்னால் அறை திறந்துவிட வேண்டும். அது ஒன்றுதான் எங்கள் பக்கத்திலிருந்து நாங்கள் கேட்டது.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு நாள் விடிகாலையில் அங்கே போனேன். டியூப்லைட் ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. உங்கள் அத்தை பையனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு என்னிடம் நின்று பேசக் கூட நேரமில்லாமல் பஸ்ஸுக்கு ஓடினாள். வெளிச்சம் வந்த பிறகு அவள் மகள் யூனிஃபார்மில் வந்தாள். பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு தடவை எட்டிப் பார்ப்பாளாம். தம்பி அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினான். அவள் தூக்கவில்லை. "தூக்குனா வுட மாட்டான் மாமா" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள். அவன் அழுதான். ஆயா அவனை முயல் இல்லாத வெறும் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு ஏதோ பாடினார். அவள் கேட் வரை திரும்பவில்லை. விட்டுப்போன பாடம் நிறைய. பின்னக் கணக்கு வரவில்லை என்று டீச்சர் சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்களாம்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். எங்கள் உதவி வருஷத்துக்கு வருஷம்தான். ஒவ்வொரு வருஷமும் மறுபடி கேட்க வேண்டும், மறுபடி போய்ப் பார்க்க வேண்டும், மறுபடி பேச வேண்டும். வட்டி குறைந்த வருஷத்தில் ஏதாவது ஒன்றை நிறுத்தத்தான் வேண்டியிருக்கும்.

போன சனிக்கிழமை அந்தப் பேச்சு மறுபடி வந்தது. நான் எழுந்து படிக்கு வந்தேன். இந்த வருஷம் வட்டி குறைவு என்று மட்டும் எனக்குத் தெரியும். செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. உங்கள் அத்தை பெண்.

"மாமா, பேசிட்டாங்களா?"

"இன்னும் கதவு தெறக்கல."

"எனக்கு திங்கக்கெழம டெஸ்ட் கீது. ஆயா வருமா வராதான்னு மட்டும் சொல்லு."

"தெரிஞ்சதும் சொல்றேன்."

"நான் லைன்லயே கீறேன்" என்றாள்.

அவள் போனைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுப் படிக்கிற சத்தம் கேட்டது. தம்பி நடுவில் ஏதோ கேட்டான், அதட்டினாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. பாத்திரக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "வாங்க, முடிஞ்சுது. பாலை மட்டும் கொஞ்சம் கொறைச்சிருக்கோம். மத்ததெல்லாம் அப்படியே" என்றார்.

நான் போனில் சொன்னேன். "ஆயா வரும்."

"சரி மாமா, வெச்சிடறேன்" என்றாள். படிக்க வேண்டியது இருந்தது.